நாலு புளியங்கொட்டை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று பன்னிரண்டாம் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, கணக்கு வாத்தியார் பிரபாகர் என் அட்டவணையைத் தூக்கிக் காட்டி, "இது ஷாஜியா வூட்ல உக்காந்து இஷ்டத்துக்கு எழுதினது" என்றார். ரெண்டு காதும் கொதித்தன.

விஷயம் இதுதான். சமவாய்ப்பு மாறி பாடம். நாணயத்தைச் சுண்டினால் தலையா பூவா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நிறையத் தடவை சுண்டினால் எது எவ்வளவு விழும் என்பதில் ஓர் ஒழுங்கு தெரியும். அதுதான் நிகழ்தகவுப் பரவல். சார் நாணயத்துக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போடச் சொன்னார். பென்னாகரத்தில் அதற்கா பஞ்சம்! தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி, நாலு கொட்டைகளை எண்பது முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை வெள்ளை மேலே வருகிறதோ அது X. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரிபாதி வாய்ப்பு என்றார். நல்ல அட்டவணை கொண்டுவருகிறவர் தருமபுரியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம்.

எனக்குப் போயே ஆக வேண்டும். அடுத்த வருடம் பள்ளிக்கூடமே கிடையாது, இதை விட்டால் அவ்வளவுதான்.

ஒழுங்காகப் போட்டேன். சமையற்கட்டுத் தரையில் முட்டி வலிக்க உட்கார்ந்து போட்டேன். வெள்ளையே இல்லாமல் விழுந்தது இரண்டு முறை, ஒரு வெள்ளை பதினொன்று, இரண்டு வெள்ளை இருபத்தேழு, மூன்று இருபத்தொன்பது, நாலும் வெள்ளை பதினொன்று. விழுந்ததைத்தானே எழுத முடியும்?

என் வகுப்புப் பையன் அன்புவின் அட்டவணையோ ஐந்து, இருபது, முப்பது, இருபது, ஐந்து. புத்தகத்தில் இருப்பது அப்படியே. சார் முகமெல்லாம் பல். "பாருங்க, இதான் பரவல். அன்பு போறான்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், நான் பொய் எழுதலைங்க. கொட்டை இங்கதான் இருக்குது. நீங்களே போட்டுப் பாருங்க."

"உக்காரும்மா."

"போட்டுட்டு உக்காரச் சொல்லுங்க சார்."

சார் என்னை முறைத்துவிட்டு மேசையில் கொட்டைகளை உருட்டினார். மூன்று வெள்ளை. மறுபடி உருட்டினார். நாலும் வெள்ளை. அப்புறம் இரண்டு, மூன்று, மூன்று. போகப் போக அவர் கை வேகம் குறைந்தது. ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேய்த்த பக்கம் தட்டை. தேய்க்காத பக்கம் உப்பல், கனமும் அதில்தான். அது கீழே போய்க் குந்திக்கொள்கிறது.

"அட!" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "அன்பு, நீ உன் கொட்டையைக் கொண்டா."

அன்பு எழுந்தான். கையில் ஒன்றும் இல்லை. "சார்... நான் போடலைங்க சார். எப்படியும் இதான் வரும்னு எழுதிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் கோபத்தில்தான்.

வெள்ளை விழும் வாய்ப்பு 'p = ½' என்று கரும்பலகையில் இருந்ததைச் சார் அழித்தார். என் அட்டவணையை வைத்து மொத்த வெள்ளையைக் கூட்டி, எண்பது முறைக்கு நாலு கொட்டை வீதம் முந்நூற்றிருபதால் வகுத்தார். கிட்டத்தட்ட 0.61. அதை எழுதிவிட்டுச் சொன்னார்: "பாதின்னு கொட்டைகிட்டக் கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன். ஷாஜியா, தருமபுரிக்கு நீ போ."

"போறேன் சார். ஆனா இஷ்டத்துக்கு எழுதினேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

போச்சு, வந்த வாய்ப்பையும் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

சார் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா, சொன்னேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேட்டுக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டேன்.