காயத்ரி போடாத முடிச்சு

ஏழாம் வகுப்பு முழுவதும் ஒரே நாவலைச் சேர்ந்து படிப்பது என்று அகிலா டீச்சர் முடிவெடுத்தபோது ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள்: யாரும் முன்னால் ஓடக் கூடாது. சொன்னால் கேட்டுவிடுகிற பிள்ளைகளா? அதனால் வகுப்பு முடிந்ததும் படிக்காத பக்கங்களைச் சேர்த்துப் பட்டு நூலால் கட்டிவிட வேண்டும். முடிச்சைப் பக்கத்தில் உட்காருகிறவர் போட வேண்டும். நூலுக்கு அந்த ஊரில் என்ன பஞ்சம், பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது.

கதை ஒரு படகோட்டியையும் அவன் மகளையும் பற்றியது. படகோட்டி புயலில் கடலுக்குப் போய்விட்டான், திரும்புவானா என்பதில் கதை நின்றிருந்தது. மறுநாள் அந்த அத்தியாயத்தில் வகுப்பே ஒன்றாகப் பதற வேண்டும் என்பது அகிலாவின் ஆசை. ஆசை என்ன, பேராசைதான். ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தாள்.

அதற்கு முதல் நாள் காலை வகுப்பில், பொன்னிக்குப் பக்கத்தில் உட்காருகிற காயத்ரி எழுந்து நின்றாள். "மிஸ், பொன்னி புக்ல இருக்குறது நான் போட்ட முடிச்சே இல்ல!"

காயத்ரி நெசவுக்காரர் வீட்டுப் பெண். அறுந்த இழையை ஒட்டுகிற முடிச்சைத்தான் போடுவாள், விரலால் தடவினால்கூடத் தட்டுப்படாது. பொன்னி மாகறலிலிருந்து பஸ்ஸில் வருகிற விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் புத்தகத்தில் மாட்டுக் கயிற்றுக்குப் போடுவது போல் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு உட்கார்ந்திருந்தது.

அகிலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொன்னியை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"ஏம்மா, ஒரு நாள் பொறுக்க முடியலையா?"

பொன்னி தரையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணோட அப்பா திரும்பி வருவாரான்னு தெரியணும் மிஸ்."

"நாளைக்கு எல்லாருக்குந்தான் தெரியப்போவுது. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எங்கப்பா போன தை மாசம் செத்துட்டாரு மிஸ். கதையில அவரும் செத்துட்டா எல்லார் முன்னாடியும் அழுதுடுவேன். அதான் வூட்லயே அழுதுட்டு வந்துட்டேன்."

எல்லோரும் ஒன்றாகப் பதறட்டும் என்று அகிலா ஆசைப்பட்டாளே, யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்தாளா? தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு அந்த பீரியட்ல நீ லைப்ரரில உக்காந்துக்கோம்மா."

"வேணாம் மிஸ். நான் இருக்கறேன்."

மறுநாள் எல்லோரும் முடிச்சை அவிழ்த்தார்கள். அகிலா படித்தாள். விடிந்ததும் படகு மட்டும் கரை ஒதுங்கியது. உள்ளே அப்பாவின் துண்டு கிடந்தது. அந்த வரியில் அவளால் பொன்னியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்ததும் படிப்பது பாதியில் நின்றுவிட்டது.

பொன்னி எழுந்தாள். டீச்சர் விட்ட வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தடுமாறவில்லை, நிறுத்த வேண்டிய இடங்களில் நிதானமாக நிறுத்தினாள். முதலில் கடைசி பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு காயத்ரி டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

பொன்னி படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தாள்.

"அழுவுடி, ஒண்ணும் ஆவாது. நான் நாலு வாட்டி அழுதேன். அப்புறந்தான் படிக்க வந்துது."