நானூறு அழைப்பிதழும் ரோட்டைக் கடந்த வீடும்

வீடு ரோட்டைக் கடந்து முடித்த வெள்ளிக்கிழமை காலை அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரர் கோணாமலை, அவருடைய மூத்த மகள் தனுஷா, முப்பத்தாறு வயது, வாழ்த்து அட்டை செய்பவள், இளைய மகள் ஆர்த்திகா, அடுத்த புதன்கிழமை கலியாணம், மாப்பிள்ளை ரதீஸ், கையில் போன், அவனுடைய தாய் சீதேவிப்பிள்ளை, சீதன உறுதிப் பத்திரத்தோடு மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்த, காணி எழுதும் நொத்தாரிஸ் ஹோரேஸ், கலியாணத்துக்கு வாடகைக் கதிரை ஏற்றிய லொறியோடு காத்தான்குடி ஸாஹிர். இவர்களில் ஸாஹிர் மட்டுமே கேட்க வேண்டியதைக் கேட்டார்: "கதிரைய இந்தப் பக்கம் இறக்கவா, அந்தப் பக்கம் இறக்கவா?"

அந்த வீடு குருக்கள்மடத்தில் மெயின் ரோட்டுக்கு மேற்கே, வாவிப் பக்கம் பதினெட்டு வருடம் நின்றது. அன்று காலை அது ரோட்டுக்குக் கிழக்கே, கடற்பக்கம் நின்றது. சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. சமையலறையில் முதல் நாள் இரவு ஊறவைத்த உளுந்து அப்படியே இருந்தது. கிணறும் கக்கூசும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன, ஏனென்றால் அழைப்பிதழில் அவற்றை யாரும் வரைவதில்லை.

தனுஷாவின் தொழில் றப்பர் சீல் வெட்டி, மையில் ஒற்றி, அட்டையில் அழுத்துவது. ஏதோ ஒரு நிறுவனம் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் மதியச் சாப்பாடும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. பயிற்சிக்குப் போன இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் தொடர்ந்து செய்தாள். பட்டாம்பூச்சி, இதயம், பலூன் பிடித்த கரடி. தங்கத் தூள் தூவி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடாக்கினால் எழுத்து புடைத்து மினுங்கும். மூடியைத் திறந்ததும் நாலு பக்கமும் விழுந்து பதினாறு போட்டோ காட்டும் பெட்டியும் செய்வாள். மனைவியோடு மூன்று மாதம் பேசாத ஆசிரியர்கள் திருமண நாளுக்கு அந்தப் பெட்டியை வாங்கினார்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் பேசாமல் இருந்தார்கள். கையால் செய்தது என்று சொல்லிக் கொடுப்பதில் இவர்களுக்கு ஒரு பெருமை. கை இன்னொருத்தியுடையது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். மூத்தவளுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபின் கோணாமலை வீட்டை இளையவளுக்கு எழுத முடிவு செய்தார். மாப்பிள்ளை வங்கியில் வேலை. வங்கிக்காரனுக்கு முன் விறாந்தை வைத்த வீடு வேண்டும். அந்த விறாந்தையின் ஓடும் இரண்டு ஜன்னலும் தனுஷாவின் கரடிகளால் வந்தவை. அவளுக்குக் கிணற்றடியில் தகரம் போட்டு ஒரு அறை இறக்குவதாகப் பேச்சு. அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்கள். ரதீஸோடு வேலை செய்யும் ஒருவனுடைய கலியாணத்துக்குக் கையால் செய்த அழைப்பிதழ் அடித்திருந்தார்களாம், தனக்கும் அப்படி வேண்டுமாம், நானூறு. அக்காதானே, செய்வாள் என்றார்கள். அவளை வீட்டைவிட்டு இறக்கும் கலியாணத்துக்கு அவளே அழைப்பிதழ் செய்தாள்.

அழைப்பிதழ் என்றால் பின்பக்கம் வழிப்படம் இருக்கும். ஒரு ரோட்டு, இரண்டு பக்கமும் அலைக்கோடு, ஒரு வீடு. சீல் வெட்டுகிறவர்கள் படத்தை மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து, தாளைக் கவிழ்த்து றப்பரில் தேய்த்து, அந்தத் தடத்தில் வெட்டுவார்கள். அப்போதுதான் அச்சு நேராக விழும். நேராக றப்பரில் வரைந்து வெட்டினால் இடம் வலமாகிவிடும். பயிற்சியின் முதல் நாள், தேநீருக்கு முன்பே, இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆறு வருடம் சீல் வெட்டிய தனுஷா வழிப்படத்தை நேராக றப்பரில் வரைந்து வெட்டினாள். வீடு கடற்பக்கம் விழுந்தது. வாவி, கடல் என்ற சொற்களை அவள் பேனாவால் சரியான பக்கத்தில் எழுதினாள். ஒருவரும் கவனிக்கவில்லை. வழிப்படத்தை எவன் பார்க்கிறான்? தங்கத் தூளைத் தடவிப் பார்த்தார்கள், தங்கள் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

கோணாமலை மோட்டார் சைக்கிளில் அழைப்பிதழ் கொடுக்கப் புறப்பட்டார். ஒரு கார்ட் கொடுக்க வீடு ஒரு சாண் நகர்ந்தது. முதல் ஐம்பதுக்கு யாருக்கும் தெரியவில்லை. நூறாவதில் கிணறு தூரமாகிப்போனது என்று ஆர்த்திகா சலித்துக்கொண்டாள். இருநூற்று இருபதாவதில் வீடு நடு ரோட்டில் நின்றது. கல்முனை பஸ்கள் இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. போக்குவரத்துப் பொலிஸ் வந்து, வாகனம் அல்லாததால் தண்டம் எழுத வழியில்லை என்று சொல்லி, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனது. அப்போதுதான் கோணாமலை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"புது சீல் வெட்டலாம் அப்பா," என்றாள் தனுஷா. "ஒரு கிழமை செல்லும். குடுத்ததெல்லாம் திருப்பி வாங்கணும்."

"குடுத்த கார்ட்டத் திருப்பிக் கேக்கிறதா? தலை காட்டேலாது புள்ள."

"அப்ப மிச்சத்தக் குடுக்காம விடுங்க."

"நூத்தி எண்பது பேர் இரிக்காங்க. விட்டா என்ட செத்த வீட்டுக்கும் வரமாட்டானுகள்."

வீடு போவதைவிட ஒரு ஒன்றுவிட்ட மச்சான் கோபிப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. ஊரே அப்படித்தான். மிச்சம் நூற்று எண்பதையும் அவர் கொடுத்து முடித்தார், தூரத்துச் சொந்தம்வரை. கடைசிக் கார்ட் வியாழன் மாலை போனது.

வெள்ளி காலை ஹோரேஸ் உறுதியை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். "மிஸ்டர் கோணாமலை, இதில கிழக்கு ரோட்டு, மேற்கு வாவி எண்டு இருக்கு. அந்தக் காணியில வீடு இல்ல."

"வீடு இந்தா நிக்குதே ஐயா."

"நிக்குது. நிக்கிற காணி யாருட?"

சுனாமியில் கடல் வந்து போனபின் யாரும் விலை கேட்காத மணல் துண்டு அது. மூத்தவளுக்கும் ஏதோ கொடுத்ததாக இருக்கட்டும் என்று எட்டு வருடம் முன் கோணாமலையே அவள் பெயருக்கு எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்தவர் இதே ஹோரேஸ். காணியோடு ஒட்டி நிற்பது காணிக்காரருக்கு என்று அவர் மெதுவாகச் சொன்னார், பஸ் நேரம் சொல்வதுபோல. ரதீஸ் போனைப் பார்த்தபடியே, "மெப்ல இன்னும் வாவிப் பக்கம்தான் காட்டுது," என்றான்.

சீதேவிப்பிள்ளைதான் வழி கண்டாள். "என்னகா இதுக்குப் போய். மூத்தவ ஒரு கையெழுத்து வச்சா முடிஞ்சுது. தனிக்கட்டைதானே."

"தனிக்கட்டையும் மழையில நனையும் மாமி," என்றாள் தனுஷா. "நான் பிழையா வெட்டிட்டன். அதுக்கு எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன். கையெழுத்து வைக்கமாட்டன்."

ஆர்த்திகா அழுதாள். அது அக்காவுக்காகவா விறாந்தைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. கலியாணம் நடந்தது, களுவாஞ்சிக்குடியில் ஒரு மண்டபத்தில். வங்கிக்காரன் வாவிக் காணியைச் சீதனமாக வாங்கிக்கொண்டான், இரண்டு அறை கட்டினான். கிணற்றடியில் தகரம் போட்ட அறையும் சொன்னபடி எழும்பியது, கோணாமலை அதில் படுக்கிறார். மின்சாரக்காரர் கம்பியை ரோட்டுக்கு மேலால் இழுத்துக் கொடுத்தார்கள். வாக்காளர் இடாப்பில் ஒரு வரி திருத்தப்பட்டது. இரண்டு வருடத்தில் அந்த வீடு எப்போதும் கடற்பக்கம்தான் என்று சத்தியம் செய்ய ஊரில் ஆள் இருந்தது. தங்கள் வீட்டைச் சந்திக்கு நகர்த்தித் தரச் சொல்லி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். தனுஷா அவர்களுக்குப் பட்டாம்பூச்சி வெட்டிக் கொடுக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை சீதேவிப்பிள்ளையும் மகனும் முதலில் வெளியேறினார்கள். நொத்தாரிஸ் உறுதியைச் சுருட்டிக்கொண்டு போனார். ஸாஹிர் கதிரைகளை இறக்காமலே லொறியைத் திருப்பினார். ஆர்த்திகா துணிப்பெட்டியோடு ரோட்டைக் கடந்தாள். கடைசியில் கோணாமலை வாசற்படியில் நின்று, "யோசி மகள்," என்றார்.

"ஓம் அப்பா. யோசிக்கிறன்," என்றாள் தனுஷா.

அவர் படி இறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள். வீட்டோடு பூட்டும் இடம் வலமாகியிருந்தது, சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அன்று காலை முழுவதும் வீட்டில் எல்லோரும் தடுமாறியிருந்தார்கள். அவள் தடுமாறவில்லை. ஒரே திருப்பில் பூட்டினாள்.