யாரும் தட்டாத கீ

மூன்று வாரமாக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் போர்டு. போர்டை வடிவமைத்தது அவர். அதற்கு பூட்லோடர் எழுதியது அவள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடி, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. வேடிக்கை பார்க்க அலுவலகம் முழுக்க ஆட்கள் வேறு.

பூட்லோடர் ஒன்றும் பெரிய மாயவித்தை இல்லை. போர்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிக்கிற குட்டி புரோகிராம். விழித்து, மெமரியைச் சரிபார்த்து, பெரிய புரோகிராமைத் தட்டி எழுப்பி, வேலையை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒழுங்காக நடந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் ஆபீஸே அவள் மேசைக்கு வந்து நிற்கும்.

பொறியாளர்கள் மேசையில் வைத்து ஒத்திகை பார்க்கத்தான் அந்த போர்டைச் செய்தார்கள். அது நன்றாக இருக்கிறதென்று ஒரு குடிநீர் நிறுவனம் நாற்பதை வாங்கி பம்ப் அறைகளில் மாட்டிவிட்டது. அங்கேதான் பிடித்தது சனி. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பதினொரு போர்டுகள் எழுந்திருப்பதே இல்லை. கழற்றி அனுப்பினார்கள். அவள் மேசையில் வைத்தாலோ, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல உடனே எழுந்து உட்காரும்.

"என் லோடர் ஓடுது, நீங்களே பாருங்க. போர்டுலதான் எங்கயோ லூஸ் காண்டாக்ட்" என்றாள் அவள்.

"நாலு தடவ அளந்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு" என்றார் அவர்.

மூன்று வாரமும் இதே பாட்டுதான். கடைசியில் அவள் அறிக்கை எழுதி அனுப்பினாள்: லோடரில் பிழை இல்லை. இன்று பதினொரு மணிக்கு அதை வைத்துத்தான் முடிவு. பிழை போர்டுடையது என்றானால் போர்டையே கைவிட்டுவிடுவார்கள். அவரை வடிவமைப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு வருஷமாக அந்த போர்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மனுஷர்.

காலையில் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார். "அந்த ரிப்போர்ட்டத் திரும்ப வாங்கி இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்க முடியுமா?"

"வச்சு என்னங்க பண்றது? எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு, அவளுக்குக் காத்திராமல் முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.

அலுவலகத்தில் ஏசி படுத்துவிட்டிருந்தது. யாரோ புண்ணியவான் அவள் மேசையில் ஒரு பழைய டேபிள் ஃபேனை வைத்துவிட்டுப் போயிருந்தான். கடகடவென்று சுற்றியது. கடைசியாக ஒரு முறை பார்ப்போமே என்று, திரும்பி வந்த போர்டு ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்தாள். எழுந்ததும் மினுங்க வேண்டிய விளக்கு மினுங்கவில்லை.

கேபிளைச் செருக மறந்திருந்தாள். போர்டு என்ன பேசுகிறது என்பதைக் கணினித் திரையில் காட்டுகிற கேபிள் அது. அவள் வழக்கம் ஒன்றுதான்: கரண்டை நிறுத்து, கேபிளைச் செருகு, பிறகு கரண்ட் கொடு. பதினாலு வருஷப் பழக்கம். இன்று ஸ்விட்ச் வரை கையை நீட்டவே சலிப்பாக இருந்தது. எழவு, இருக்கட்டும் என்று, ஓடுகிற போர்டிலேயே செருகி என்டரைத் தட்டினாள்.

போர்டு பதில் சொன்னது. அது சாகவில்லை. 'கட்டளை இடுங்கள்' என்று கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

 கரண்ட் வந்ததும் லோடர் மூன்று விநாடி காத்திருக்கும்; அதற்குள் கீபோர்டில் எந்தக் கீயைத் தட்டினாலும் மேலே போகாமல் அப்படியே நின்றுவிடும். மேசையில் உட்கார்ந்து சோதிக்கத் தனக்கு வசதியாக இருக்கட்டுமென்று அவளே எழுதி வைத்தது. ஆனால் இப்போது யார் தட்டியது?

மேசைக்குப் புதிதாக வந்தது அந்த ஃபேன் ஒன்றுதான். அதை நிறுத்தினாள். கேபிளைப் பிடுங்கினாள். கரண்ட் கொடுத்தாள். விளக்கு மினுங்கியது. ஃபேனைப் போட்டு மறுபடி கொடுத்தாள். மினுங்கவில்லை.

கேபிள் செருகாதபோது போர்டின் வெற்று முனையில் ஃபேன் மோட்டாரின் மின் இரைச்சல் ஏறுகிறது; கேபிள் இருந்தால் அந்த முனையைக் கணினி பிடித்துக்கொள்ளும், இரைச்சல் ஏறாது. லோடர் அதை யாரோ கீ தட்டியதாக எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. டேபிள் ஃபேனுக்கே இந்தக் கதி என்றால், யானை யானையாக மோட்டார்கள் ஓடும் பம்ப் அறையில் கேட்க வேண்டுமா! என்ன கோளாறு என்று பார்க்க அவள் கேபிள் செருகிய ஒவ்வொரு முறையும் கோளாறு ஓடி ஒளிந்திருக்கிறது. மூன்று வாரமாக அவள் பார்த்துப் பார்த்தே அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

மணி பதினொன்று ஐந்து. போர்டையும் ஃபேனையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எதற்கெடுத்தாலும் கெடு வைப்பதால் மேனேஜருக்கு 'கெடு சார்' என்று பெயர். மேசையின் ஒரு முனையில் அவர். மறுமுனையில் அவள் வீட்டுக்காரர், கைகளைக் கோத்தபடி.

"சார், தப்பு என்னோடது. லோடர்ல. போர்டு நல்லாருக்கு" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். ஃபேனைப் போட்டும் நிறுத்தியும் காட்டினாள். "எந்தக் கீக்கும் நிக்கக் கூடாது, முழுசா ஒரு வார்த்தைய அடிச்சாத்தான் நிக்கணும். அவ்வளவுதான் சார், சாயங்காலமே மாத்திடுவேன்."

கெடு சார் இரண்டு முறை அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த ஒரு தாளை எடுத்து அவள் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். "அப்ப இது வேணாம். நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க. போர்டு இருக்கட்டும்."

கெடு சார் எழுந்து வெளியே போனதும் அவள் தாளை எடுத்துப் படித்தாள். காலை ஒன்பது மணிக்கே எழுதிக் கொடுத்த கடிதம். போர்டு வடிவமைப்பில் பிழை என்னுடையது, என்னை ஸ்டோருக்கு மாற்றிவிடுங்கள் என்று வீட்டுக்காரரின் கோணல் கையெழுத்தில் இருந்தது.

"ஏங்க இப்படி எழுதிக் குடுத்தீங்க? எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதான அளந்து சொன்னீங்க?"

"அளந்தேன்." அவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம் ஒன்றும் முகத்தில் இல்லை. களைப்புதான் இருந்தது. "ஆனா நீ உன்னோட தப்பு இல்லன்னு எழுதிட்டியே. நீ பாத்தா சரியாத்தான் பாத்திருப்பேன்னு நெனச்சு, நான் அளந்ததையே நான் நம்பல."

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.