கம்பாலா போக ஓர் ஊசி

செஞ்சி கடைத்தெருவில் நேமிநாதனின் மல்லாட்டை மண்டிக்குப் போனால், விலையைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கு முன்னால் அவர் மனைவி ராஜமதியைப் பற்றிக் கேட்டாக வேண்டும். ராஜமதி பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள், ராஜமதி ஒரு பொய் சொல்லி இந்தக் காது கேட்டதில்லை, ராஜமதி போட்ட கணக்கை ஆடிட்டர் திருப்பிப் பார்க்கமாட்டார். சரக்கெடுக்க வந்தவன் மூட்டைக்குள் கையை விட்டு நாலு வேர்க்கடலையை உடைத்துத் தின்றபடி உம் கொட்டுவான். கட்டின பெண்டாட்டியை இப்படி ஊரறியப் புகழ்கிற மனுஷன் அந்தத் தெருவிலேயே வேறு யாரும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், அவர் புகழ்ச்சியில் கலப்படம் கிடையாது.

அவர்களுக்கு ஒரே மகள், ஜினிஷா. கட்டிக்கொடுத்தது உகாண்டா நாட்டுக் கம்பாலாவில். மாப்பிள்ளை மகாவீர் அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். போன வருஷம் ஜினிஷாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. தலையைத் தடவிக்கொடுக்கக்கூடப் பெற்றவள் பக்கத்தில் இல்லை. இப்போது மறுபடி உண்டாகி மாதம் நெருங்கிவிட்டது. ரத்தக் கொதிப்பு ஏறி நிற்கிறது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும்மா" என்று போனில் அழுதாள். ராஜமதி அழவில்லை. "வரேன்" என்றாள். சென்னையைத் தாண்டி அறியாதவள், கடல் தாண்டித் தனியாகப் போக ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டாள். நேமிநாதனுக்குத்தான் அன்று முழுக்கக் கைகால் ஓடவில்லை.

டிக்கெட்டை மாப்பிள்ளை போட்டு அனுப்பிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். அதுவும் ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுமாம். கடைத்தெருவில் இதைச் சொன்னதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மருந்துக்கடை ஜெயராமனே, "மஞ்சக்காமாலைக்கா? கீழாநெல்லி இருக்கச்சே ஊசி இன்னாத்துக்கு?" என்று கேட்டார் என்றால் மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது?

திண்டிவனத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனார் நேமிநாதன். வெளிநாடு போகிறவர்களுக்கென்று ஏழெட்டு ஊசி சேர்த்து ஒரு 'பேக்கேஜ்' இருப்பதாகவும், சென்னையில் தனியார் ஆஸ்பத்திரியில் ஏசி அறையில் உட்காரவைத்துப் போடுவார்கள் என்றும் அவர் சொன்னார். சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். மகள் விஷயம் என்பதால் நேமிநாதன் தலையாட்டிவிட்டு வந்தார்.

"இதுல எது கட்டாயம், எது அவங்க ஆசைக்கு?" என்று கேட்டாள் ராஜமதி.

அது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். மறுநாள் செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி, எந்த ஊருக்குப் போகிறாள், எத்தனை நாள் இருப்பாள் என்றெல்லாம் சொல்லி, தேவையானது எது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ரணஜன்னிக்கான டி.டி. ஊசியை அங்கேயே காசில்லாமல் போட்டுவிட்டார்கள். டைபாய்டு ஊசியை உள்ளூரிலேயே வாங்கிப் போட்டாயிற்று. மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும் அரசாங்கம் அனுமதித்த இடத்துக்குத்தான் போகவேண்டும். சென்னையில் அப்படி ஓர் அரசு மையம் இருக்கிறது, கட்டணம் சொற்பம், வாரத்தில் ஒரு நாள்தான் போடுவார்கள், முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். இதையெல்லாம் போனிலேயே அவளே தேடிப்பிடித்துப் பதிந்துவிட்டாள். பேக்கேஜ் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. டிராவல்ஸ்காரர் போன் செய்தபோது நேமிநாதன் பேசிய பேச்சில் அவர் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

பதிவான நாள் அமாவாசை. "இன்னிக்கி போயி பஸ்ல எடம் கெடைக்குமா? மலையனூர் கோயில் கூட்டம் பிதுங்கும்" என்று கவலைப்பட்டார் நேமிநாதன். "கூட்டம் இங்க வருது. நாம அங்க போறோம்" என்றாள் ராஜமதி. சொன்னபடியே, மேல்மலையனூரில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஸ்பெஷல் பஸ் காலியாக வந்தது. இருவரும் காலை நீட்டிக்கொண்டு சென்னைக் கிளாம்பாக்கம் வரைக்கும் போனார்கள். வழியெல்லாம் நேமிநாதன் கண்டக்டரிடம் ராஜமதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மையத்தில் கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், படிக்கப் போகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ராஜமதியின் முறை வந்ததும் மேஜைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சுகர் இருக்கா? முட்டை அலர்ஜி இருக்கா?"

"முட்டை அலர்ஜி சார், ரெண்டு பேருக்கும்" என்றார் நேமிநாதன், ராஜமதி வாயைத் திறப்பதற்குள்.

இந்த இடத்தில் அவர்மேல் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. செஞ்சிப் பக்கத்துத் தமிழ் ஜைனர்களான நைனார் குடும்பங்களில் வெளியூர் போகிற யாரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கல்யாண வீட்டிலும் பேக்கரியிலும் 'நாங்கள் ஜைனர், முட்டை சாப்பிடமாட்டோம்' என்றால், 'கொஞ்சூண்டுதான், தெரியவே தெரியாது' என்று தட்டில் வைத்துவிடுவார்கள். 'அலர்ஜி' என்றால் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொள்வார்கள். தர்மத்துக்குக் கிடைக்காத மரியாதை நோய்க்குக் கிடைக்கிறது. முப்பது வருஷமாக நேமிநாதன் போகிற இடத்திலெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்தே ஆசாரத்தைக் காப்பாற்றி வந்தார். கேள்வியில் முட்டை வந்ததும் பதில் தானாக வந்துவிட்டது.

மேஜைக்காரர் பேனாவை மூடினார். "அப்ப போட முடியாது சார். இந்த மருந்தே முட்டையில வளர்க்கறது."

நேமிநாதன் மேஜைமேல் குனிந்தார். "இல்ல சார், சும்மா சொன்னேன்."

"எது சும்மா? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா?"

அடுத்த ஊசி நாள் அடுத்த வாரம். அதற்குள் பத்து நாள் கணக்குத் தவறிப்போகும். டிக்கெட் போகும். அதைவிட, ஜினிஷா இந்த முறையும் தனியாகக் கிடப்பாள். தன் வாயாலேயே மகள் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். வித்யாஸ்ரீ என்று கதவில் பெயர் இருந்தது, சின்ன வயசு. அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு அலர்ஜியா, இல்ல சாப்பிடறதே இல்லையா?"

"சாப்புடறதில்லம்மா. நாங்க ஜைனருங்க. அவரு பழக்கத்துல சொல்லிட்டாரு."

"சாப்பிட்டதே இல்லன்னா ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு நான் எதை வெச்சு முடிவு பண்றது? டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், அதுக்கு வேற எடத்துக்கு எழுதித் தரணும். கேக், பப்ஸ், எதுவுமே சாப்பிட்டதில்லையா?"

நேமிநாதன் மனைவியின் காதருகே குனிந்தார். "சாப்டிருக்கேன்னு ஒரு பொய் சொல்லிடு. உசுரு காரியம். பாவம் என்னோட போவட்டும்."

"பொய் வேணாம்" என்றாள் ராஜமதி. நேமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். அப்போது அவள் குரல் கேட்டது.

"சாப்டிருக்கேன் டாக்டர். கேக்கு."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகளுக்காகச் சொல்லிவிட்டாளே! வாழ்நாளில் முதல் பொய்யை எவ்வளவு பதறாமல் சொல்கிறாள் என்று அதிலும் பெருமைதான் பட்டார்.

"அதுல முட்டை இருந்துச்சா? நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்மா. எம்பொண்ணு ஒம்பதாவது படிக்கச்சே அவ கூட்டாளி காயத்ரி வூட்ல போயி செஞ்சி எடுத்தாந்தா. மொதமொதல்ல அவ கையால செஞ்சது. முட்டை போட்டது புள்ளைக்குத் தெரியாது, காயத்ரி அம்மா மாவு கலக்கிக் குடுத்திருக்காங்க. வாயில வெச்சதும் அந்த வாட தெரிஞ்சிபோச்சி. எதுர்ல நின்னு எம்மொகத்தையே பாத்துனு இருக்குறா. துப்புனா புள்ள மொகம் இன்னாவும்? முழுங்கிட்டேன். நல்லா இருக்குதுன்னேன். இன்னொரு துண்டு வெச்சா, அதையும் சாப்டேன். மறுநாளு காயத்ரி அம்மாவக் கேட்டேன், நாலு முட்டைன்னாங்க. ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணல."

நேமிநாதன் கண்ணைத் திறந்தார். பொய்க்கு இத்தனை விவரம் வராது. அதுவும் ராஜமதிக்கு வராது.

"பொண்ணுகிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள் டாக்டர்.

"சொன்னா ஜென்மத்துக்கும் மனசுல வெச்சினு இருப்பாம்மா. பாவம் எனக்குப் போதும்னு விட்டுட்டேன். அந்த வருஷம் பூரா அட்டமிக்கும் சதுர்த்தசிக்கும் தண்ணி மட்டும் குடிச்சினு கெடந்தேன்."

அந்த வருஷம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மண்டியில் வியாபாரம் படுத்துப்போன வருஷம். கடை எழுந்திருக்க வேண்டும் என்று தனக்காக விரதம் இருக்கிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தவர் அவர். அவள் மறுத்ததும் இல்லை, ஆமாம் என்றதும் இல்லை.

டாக்டர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "இந்த மருந்தும் முட்டையில வளர்ந்ததுதான். அது பரவாயில்லையா அம்மா?" என்று கேட்டாள்.

"படிச்சிட்டுதாம்மா வந்தேன். போடுங்க. அதுக்கு உண்டானத நான் பாத்துக்கறேன்."

ஊசி போட்டு, மஞ்சள் அட்டையில் முத்திரை குத்தி, அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் மூச்சு விடாமல் புகழ்ந்தோமே, இவளிடம் இருந்ததில் பாதிகூட நமக்குத் தெரியவில்லையே என்று நேமிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாகக்கூட இருந்தது.

"கோவமா?" என்று கேட்டாள்.

"உன்மேலயா?" என்றார்.

போன் அடித்தது. கம்பாலாவிலிருந்து ஜினிஷா, வீடியோவில். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "நைனா, ஊசி போட்டாச்சா?"

"ஆச்சிம்மா. கார்டும் குடுத்துட்டாங்க."

"அப்பாடா! எனக்கு ஒரே டென்ஷனு. நான் இங்க வரச்சே முட்டை ஒத்துக்குமான்னு கேட்டு ரொம்ப நேரம் உக்கார வெச்சிட்டாங்க நைனா. நான் ஜென்மத்துல முட்டையத் தொட்டதில்லன்னு சொன்னேன், டெஸ்ட்டு அது இதுன்னு அலைய வுட்டாங்க. அம்மாவக் கேக்கலயா? அம்மா இன்னா சொன்னாங்க?"

நேமிநாதன் பக்கத்தில் பார்த்தார். ராஜமதி ஊசி போட்ட கையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று கண்ணைக்கூடக் காட்டவில்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"எங்கள ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் நேமிநாதன். "உங்கம்மா மொகத்தப் பாத்ததும் போட்டுட்டாங்க."