தானிய வண்டியில் வந்த சிப்பாய்

சைக்கிள் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் இருவர் ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். நிரல் எழுதுகிறவன் தம்பி. படம் வரைகிறவர் அவன் அக்காவின் கணவர்.

அதில் கோட்டை, மந்திரவாதி, டிராகன் எல்லாம் உண்டு; கோட்டையைப் பிடித்தால் வெற்றி. ஆனால் தம்பிக்கு எல்லாமே நிஜம்போல இருக்கவேண்டும். சிப்பாய் நடந்தால் செருப்பு தேயும். வண்டியில் தானியம் தீர்ந்தால் படை நகராது. ஒரு மாட்டைத் தின்ற டிராகன் அரைநாள் தூங்கும்.

"நெருப்பு கக்குற டிராகனுக்கு அஜீரணம் வச்ச முதல் ஆள் நீதான் மாப்ள."

"நெருப்பு கற்பனை மாமா. வயிறு நிஜம்."

விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்து அம்மாள் அன்று மதியம் வருவதாக இருந்தது. "டிராகனை நிறையப் பேர் செஞ்சாச்சு. உங்ககிட்ட என்ன புதுசு?" என்று போனிலேயே கேட்டிருந்தார். அவர் வேண்டாமென்றால் அறையைக் காலி செய்துவிட்டு, தம்பி பழையபடி கடைகளுக்கு பில் போடும் நிரல் எழுதப் போகவேண்டியதுதான்.

கடைசியாக ஒருமுறை மாமா ஆடிப் பார்த்தார். வழக்கம்போலத் தோற்றார்.

"வரைஞ்ச கையால ஆடவும் தெரியணும் மாமா" என்று எட்டிப் பார்த்த தம்பி திகைத்தான். மாமாவின் வண்டியில் ஒரு மூட்டை தானியம்கூட இல்லை. காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்தார்கள்.

எடையுள்ள எதையும் வண்டியில் ஏற்றலாம் என்று எழுதியவன் அவன்தான். கீழே விழுந்த மனிதனுக்கும் எடை கொடுத்திருந்தான். அதை மறந்தும் போயிருந்தான்.

"இதனாலதான் எப்பவும் தோக்குறீங்களா?"

"முனகுற சத்தம் வச்சது யாரு? கேட்டுட்டு எப்படிடா தாண்டிப் போறது?"

"இது பிழை மாமா. இந்த வழியை இப்பவே மூடிடுறேன்."

அவன் விசைப்பலகையை இழுப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

அம்மாள் நன்றாகவே ஆடினார். டிராகன் குறட்டை விட்டபோது சிரித்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது படைக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். அவர் கை நின்றது. படையைத் திருப்பினார். இரண்டு மூட்டையை இறக்கிவிட்டு, விழுந்துகிடந்த சிப்பாயை வண்டியில் ஏற்றினார்.

"மேடம், அது வந்து..." என்று தம்பி ஆரம்பிக்க, மாமா அவன் காலை மிதித்தார்.

படை பசியில் நின்றது. கோட்டை கைவிட்டுப் போனது. வண்டி மட்டும் மெல்ல வீடு வந்து சேர்ந்தது. சிப்பாய் அசையாமல் கிடந்தான்.

"இனிமே இவனுக்கு என்ன ஆகும்?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தம்பிக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணும் ஆகாது மேடம். இவனை ஏத்த முடியும்னே நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் எனக்குத் தெரியும். என் தப்பு."

அம்மாள் திரையையே பார்த்தார். ஆண்டவன் நம் மறதியிலும் சில நேரம் ஒரு கதவைத் திறந்துவைக்கிறான். உள்ளே போக இரக்கமுள்ள ஒருவர் வரவேண்டும், அவ்வளவுதான்.

"தோத்துட்டேன். ஆனா மறுபடியும் ஆடணும்போல இருக்கு. முதல்ல இவனை எழுப்பி உட்கார வைங்க. ஒப்பந்தம் அனுப்புறேன்."

அவர் படியிறங்கியதும் தம்பி வேலையில் உட்கார்ந்தான். சாயங்காலம் சிப்பாய் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். மாமா ஒரு குவளை வரைந்து கொடுத்தார்.

"அப்படியே அந்த டிராகனுக்கும் ஒரு வாய் மருந்து குடேன் மாப்ள. பாவம், வயிறு நிஜம்ல?"