கடைசிப் பத்தி

பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'விநோதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக 'இப்படியும் நடக்குது' பகுதியை நிரப்புகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? திருடப் போன வீட்டின் ஜன்னலில் சிக்கி, வீட்டுக்காரரையே உதவிக்குக் கூப்பிட்ட திருடன் முதல், தன் சாவுச் சடங்குக்குத் தாமதமாக வந்து சேர்ந்த கிழவர் வரை, எல்லாரும் அவர் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனார்கள்.

செய்தி ஏஜென்சி அனுப்பும் துணுக்குகளில் ஊர், பெயர், உறவினர் விவரமெல்லாம் கடைசிப் பத்தியில் இருக்கும். விநோதம் அதை வாசிக்காமலே வெட்டிவிடுவார். "பேர் இருந்தா பாவமா இருக்கும். பேரை எடுத்தாத்தான் சிரிப்பு வரும்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் பெருமையடிப்பார். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

அந்த வாரம் வீட்டில் நிலைமை சரியில்லை. வெளிநாட்டில் இருந்த தம்பி இரண்டு ஞாயிறாகப் போன் செய்யவில்லை. ஒரு பெரிய கடையில் விளம்பரப் பிரிவில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

புதன்கிழமை காலை, பார்வை மங்கிய அம்மாவுக்கு வழக்கம்போல் தன் பகுதியை வாசித்துக் காட்டினார்.

"செருப்புக் கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்ற ஆள், மதிய வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அது தெரியாமல் சாயங்காலம் வரை குழந்தைகள் மடியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடை மூடும்போது மேனேஜர் வந்து, 'தூங்கியது போதும், எழுந்திரு' என்று திட்டினாராம். கரடி கண்டுகொள்ளவே இல்லை!"

அந்தக் கடைசி வரி அவரே சேர்த்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம் சிரிக்கிறாள்! விநோதத்துக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. தம்பியோடு ஒரே அறையில் இருந்தவன்.

"அண்ணே, நான் வேலையா வெளியூர் போயிருந்தேன், நேத்துதான் வந்தேன். வந்து பார்த்தா..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தான். "கடை வாசல்ல பொம்மை வேஷம் போட்டுக்கிட்டு நிப்பான்ண்ணே. வீட்டுல சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தான்."

"என்ன பொம்மை?" என்று கேட்டார். கேட்கும்போதே கை கம்ப்யூட்டரில் ஏஜென்சி அனுப்பிய கரடித் துணுக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

வெட்டிப் போட்ட பத்தி அப்படியே இருந்தது. ஊர் அதேதான். பெயர் தம்பியுடையது. வயது முப்பத்திரண்டு. 'உறவினர் எவரும் தொடர்புகொள்ளவில்லை. இம்மாத இறுதிவரை உடல் பிணவறையில் வைக்கப்பட்டிருக்கும்.' நான்கே வரி. பத்தொன்பது வருஷத்தில் அவர் முழுசாக வாசித்த முதல் கடைசிப் பத்தி அது. பாவி, படுபாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

அதை ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரிக்கோல். போனுக்கு அடியில் சதுரமாக வெட்டிய செய்தித்தாள் துண்டு.

"நீயா? இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே? இதோ பாரு, அந்தக் கரடிச் சேதி எங்கே இருக்குன்னு உன் பொண்டாட்டியைக் காட்டச் சொல்லி வெட்டி வெச்சிருக்கேன். சின்னவன் போன் பண்ணினா நீ வாசிச்சுக் காட்டணும். விழுந்து விழுந்து சிரிப்பான்."

அவர் கீழே, அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? சரி, இன்னொரு தடவை வாசி. கேட்போம்."

வாசித்தார். தான் சேர்த்த வரியை விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, கடைசிப் பத்தியையும் வாசித்தார்.