முதல் படம், இரண்டாம் படம்

அன்றைக்குப் பார்லருக்குள் ஐந்து பேர் இருந்தோம். கடைக்குச் சொந்தக்காரரான ஸ்வர்ணலதா அக்கா, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சுழல் நாற்காலியில். அவருடைய தம்பி சதீஷ், ஃபேஷியல் கட்டிலின் ஓரத்தில், மடியில் இரண்டு செல்போன்களோடு. முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த துர்கா, இன்னொரு சுழல் நாற்காலியில், அதைத் திருப்பிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுடைய அம்மா தெய்வநாயகி, ஸ்டூல் போட்டும் உட்காராமல், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில். நான், டயானா, மூலையில் பில் போடும் மேசையில், முழங்கைக்குக் கீழே நீல அட்டை நோட்டோடு. செப்டம்பர் மாதம், திங்கட்கிழமை, காலை பதினொன்றரை. இடத்தை இவ்வளவு திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யார் எங்கே இருந்து எதைப் பார்த்திருக்க முடியும் என்பதைப் பிறகு நான் எழுத வேண்டியதாயிற்று.

துர்கா வந்தது ஒரு படத்தைப் பற்றிக் கேட்க. நாங்கள் விற்கும் 'பட்டுமுகம்' க்ரீமுக்காக சதீஷ் போட்ட பதிவு அது. போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். பதிவில் துர்காவின் முகம் இரண்டு முறை இருந்தது. இடது பக்கம் கன்னமெல்லாம் சிவந்து, சீழ் கோத்த பருக்களோடு, மேலுதட்டிலும் தாடையிலும் மெல்லிய மயிர் படர்ந்து ஒரு முகம். அதன் கீழே 'முன்'. வலது பக்கம் பளிச்சென்று ஒரு முகம். அதன் கீழே 'பின், 28 நாளில்'. இரண்டுக்கும் அடியில் நான் எழுதிய வாசகம்: 'கோரா பட்டாக இருந்த முகம், காய்ச்சி எடுத்த பட்டாக!' கோரா பட்டு மங்கலாக, பசையோடு, விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் மினுக்கு வரும். ஆரணியில் இது எல்லோருக்கும் தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும், நம்புவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்.

இரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்துவந்தேன். ஒரு படம் எதனால் ஓடுகிறது என்று யாராவது கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். முன் படத்தை டியூப் லைட்டுக்கு நேர் கீழே நிற்க வைத்து எடுக்க வேண்டும். பொட்டு கூடாது, சிரிப்பு கூடாது, தலையைக் கலைத்துவிட வேண்டும். எடுப்பதற்கு முன்னால் காய்ந்த துண்டால் முகத்தை அழுத்தித் தேய்த்தால் சிவப்பு ஏறும். பின் படம் காலை எட்டு மணி வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஜிமிக்கியோடு. உடுப்பும் இடமும் மட்டும் மாறக் கூடாது. அப்போதுதான் முகம் ஒன்றுதான் மாறியது என்று தோன்றும். முப்பது நாள் என்று போட்டால் விளம்பரம் மாதிரி இருக்கும், இருபத்தெட்டு என்று போட்டால் யாரோ உட்கார்ந்து எண்ணியது போல இருக்கும். பின் படத்தில் ஒரே ஒரு தழும்பையாவது விட்டுவைக்க வேண்டும். எல்லாம் போய்விட்டால் சந்தேகப்படுவார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பான் சதீஷ். "மொதல்ல பாக்கறப்ப உவ்வேன்னு இருக்கணும் டயானாக்கா. அப்பதான் தள்ளிகினு போற வெரலு நிக்கும். அடுத்தவ மூஞ்சியப் பாத்து ஒமட்டணும், ஒடனே அவ மூஞ்சியத் தொட்டுப் பாக்கணும். அவ்ளோதான், ஆர்டரு." இதைச் சொல்லும்போது அவன் பெரும்பாலும் ஏதாவது தின்றுகொண்டிருப்பான்.

க்ரீம் தயாராவது பின்னறையில். மருந்துக்கடை ட்யூப்கள் பெட்டி பெட்டியாக வரும். டாக்டர் எழுதித் தராமல் பூசக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவற்றின் வாலைக் கத்தரித்துப் பிதுக்கி, எவர்சில்வர் அன்னக்கூடையில் கோல்டு க்ரீமும் குங்குமப்பூ எசென்சும் சேர்த்துக் கலக்குவோம். வெள்ளையாக, கொழகொழவென்று, புண்ணுக்குப் போட்ட களிம்பை வழித்தெடுத்தது போல இருக்கும். நான் கையுறை போட்டுக்கொண்டுதான் டப்பாவில் அடைப்பேன். அப்படியும் மதியம் சோற்றைப் பிசையும்போது விரலில் அந்த வாசனை வரும். எங்கள் மூவரில் ஒருவரும் அதை ஒரு நாள்கூட முகத்தில் பூசியதில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் துர்கா. துப்பட்டாவை மூக்குவரை ஏற்றியிருந்தாள். "நான் இங்க வரப்போ எனக்கு இன்னா இருந்தது மூஞ்சில?"

"கொஞ்சம் கறுத்திருந்த," என்றார் ஸ்வர்ணலதா அக்கா.

"கறுப்புதாங்க நானு. பரு இருந்ததா?"

"ஒத்துக்காத தோலுன்னா நாங்க இன்னாம்மா பண்றது. வெயில்ல சுத்தியிருப்ப."

"தறிக்குழில ஒக்காந்துகினு இருக்கறவளுக்கு வெயிலு எங்கேர்ந்து வரும்?"

நீல நோட்டில் அவள் வரிசை எண் நாற்பத்தொன்று. ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி அவள் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தோம். பின்னால் தறி தெரிந்தால் நம்பிக்கை வரும் என்று சதீஷ்தான் சொன்னான். படத்துக்குக் கூலியாக மாதம் இரண்டு டப்பா இலவசம். முதல் மாதம் அவள் முகம் வெளுத்தது; தெருவில் கேட்காதவர்கள் இல்லை. நாலாம் மாதம் எரிச்சல் ஆரம்பித்தது. நிறுத்தினால் இன்னும் எரிந்தது, அதனால் மறுபடி பூசினாள். ஜூலையில் ஃபோன் செய்து அழுதாள். கம்பெனிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், அதே மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நில், ஒத்துப்பார்க்க வசதியாக இருக்கும் என்று அவளிடம் நான்தான் சொன்னேன். ஜூலை இருபத்தெட்டாம் தேதி அப்படியே நின்றாள். கம்பெனி என்று ஒன்று கிடையாது. பின்னறை அன்னக்கூடைதான் கம்பெனி. அது எனக்குத் தெரியும்.

சதீஷ் அந்த இரண்டு படங்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டான். எங்கள் க்ரீம் கெடுத்த முகம் 'முன்' ஆயிற்று. க்ரீம் படாத முகம், போனில் முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றியதும், 'பின்' ஆயிற்று. பதிவு ஏற்றுவதற்கு முன் என்னிடம் காட்டினான். வாசகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

"நீ மொதல்ல அப்பிடிதான் இருந்த," என்றான் சதீஷ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பறம் நல்லாச்சி. நிறுத்திட்ட, திரும்பி வந்துட்டுது. இல்லன்னு நிரூபிக்க முடியுமா உன்னால? ரெண்டும் உன் மூஞ்சிதான. எது மொதல்லன்னு யாருக்குத் தெரியும்?"

தெய்வநாயகி தரையிலிருந்து கையை நீட்டினார். "அத்த இப்பிடிக் குடு தம்பி."

அவன் கொடுத்தான். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மகளுடைய முகத்தை ஒதுக்கி ஒதுக்கித் திரைக்கு வெளியே தள்ளினார். பின்னால் இருந்த தறியும் அதில் நீளவாக்கில் ஏற்றியிருந்த நூலும் மட்டும் மிஞ்சின.

"இந்த நல்ல மூஞ்சிப் பக்கம் தறியில இருக்கறது அரக்குப் பாவு," என்றார். "பொங்கல் கழிச்சி ஏத்தனது. மூணு பொடவ நெஞ்சி அறுத்தோம். இந்தப் பரு மூஞ்சிப் பக்கம் இருக்கறது மாம்பழக் கலரு. ஆடி மொத வெள்ளி கழிச்சி ஏத்தனது. ஒவ்வொரு இழையா நான்தான் முடிஞ்சேன், மூணு நாளு." போனைத் திருப்பி அவனிடம் நீட்டினார். "தையி மொதல்ல வருமா, ஆடி மொதல்ல வருமா தம்பி?"

சதீஷின் அப்பா பட்டுக்கடை வைத்திருந்தவர். பாவு நூலைக் கையில் வாங்கினால் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்காமல் பேச மாட்டாராம். அப்படிப்பட்டவர் மகன், தறிக்கு முன்னால் ஒரு பெண்ணை இரண்டு முறை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, தறியைச் சுவர் மாதிரி நினைத்திருக்கிறான். நானும் அப்படித்தான். என் சித்தப்பா வீட்டில் மூன்று தறி ஓடுகிறது.

சதீஷ் போனை வாங்கிக்கொண்டு சிரித்தான். "இத்த எல்லாம் யாரு ஜூம் பண்ணிப் பாக்கறாங்க. கோயமுத்தூர்ல இருக்கறவளுக்கு மாம்பழக் கலரு தெரியுமா?"

"விடுடா," என்றார் ஸ்வர்ணலதா அக்கா. "பேஜார் வாணாம் துர்கா. எடுத்துடறோம். இப்பவே எடுக்கச் சொல்றேன், போதுமா?"

"எடுக்க வாணாம்."

"பின்ன?"

"மாத்திப் போடுங்க. அந்தப் பக்கம் இருக்கறத இந்தப் பக்கம் போடுங்க. தேதியோட." துப்பட்டா கீழே இறங்கிவிட்டது, அவள் அதைத் தூக்கவில்லை. வாயோரத்துப் பரு ஒன்று உடைந்து காய்ந்திருந்தது. கன்னத்தில் சிவப்பு நரம்பு நூல் நூலாக ஓடியது. நான் பார்வையைத் திருப்பினேன். மூன்று லட்சம் பேருக்கு எது வர வேண்டும் என்று திட்டம் போட்டோமோ, அது எனக்கே வந்தது. "போளூர்ல என் சித்தி பொண்ணு தீபா. பதினாறு வயசு. என் மூஞ்சியப் பாத்துதான் வாங்கிக்கினா. பூசி ஒரு வாரமாவுது. வாணான்டின்னா, ஒனக்கு மட்டும் சரியாவலாம், எனக்கு ஆவக் கூடாதான்றா. நான் வெளிய வராததே வெள்ளையாயிட்ட திமிருன்னு நெனச்சிகினு இருக்கா. போன் பேசனா கட் பண்றா. நீங்க எடுத்துட்டீங்கன்னா அவளுக்கு நான் எத்தக் காட்டறது?"

"அதெல்லாம் ஆவாது," என்றான் சதீஷ்.

துர்கா என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். "அக்கா, நீங்க தேதி எழுதிகினீங்களே, நீல நோட்டுல. ரெண்டு வாட்டியும். அத்த ஒரு பக்கம் போட்டோ எடுத்துக்கறேன்."

ஸ்வர்ணலதா அக்கா என்னைப் பார்த்தார். சதீஷும் பார்த்தான்.

"நோட்டு வீட்ல இருக்கும்மா," என்றேன்.

தரையில் இருந்த தெய்வநாயகிக்கு மேசைக்கு மேலே இருப்பது தெரிந்திருக்காது. துர்கா இருந்த நாற்காலி உயரம். அங்கிருந்து என் முழங்கை தெரியும், அதன் கீழே இருப்பதும் தெரியும். அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். துப்பட்டாவை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பட்ட ரொம்ப நேரம் கொதிக்க வுட்டா இன்னா ஆவும்னு எழுதலியாக்கா நீங்க?" என்றாள். கொதி மிஞ்சினால் நூல் புசுபுசுவென்று எழும்பிப் பிரிந்துவிடும். தறியில் ஏற்ற முடியாது. அதுவும் ஆரணியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவர்கள் போன பிறகு டீ வந்தது. "சண்ட போட்டாலும் ரீச்சுதான்," என்று சதீஷ் பிஸ்கட்டை நனைத்தான். "இனிமே தறி வாணாம். வெள்ளச் செவுரு போதும்." என் டம்ளரில் ஏடு படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அன்னக்கூடை நினைவு வந்தது. தொட்டியில் கொட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை. காலையில் சமையல் முடித்துவிட்டு மேசையைத் துடைத்துக் காகிதம் எடுத்தேன். விண்ணப்பம் எழுதுவதில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. எங்கள் பள்ளியில் தேவநேசன் சார் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கோடு போட்டுப் பழக்கியிருக்கிறார். எங்கள் தெருவில் ரேஷன் கார்டிலிருந்து முதியோர் பென்ஷன் வரை நான்தான் எழுதிக் கொடுப்பேன். பெறுநர்: மருந்து ஆய்வாளர் அவர்கள். தேதி வாரியாக ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பின்னறை, ட்யூப், எத்தனை டப்பா, எந்தெந்த ஊர். நாலாவது எண்ணுக்கு வந்ததும் பேனா நின்றது. 'படங்கள் இடம் மாற்றி வெளியிடப்பட்டன' என்று எழுதியிருந்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் செய்தது போல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாற்றியவர் சதீஷ். தெரிந்தும் சும்மா இருந்தவர் ஸ்வர்ணலதா. அதே உடுப்பை அணியச் சொன்னவள் நான். வாசகம் எழுதியவள் நான். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, நோட்டு என் முழங்கைக்குக் கீழே இருக்கும்போதே அது வீட்டில் இருப்பதாகப் பொய் சொன்னவளும் நான். கையெழுத்தைத் தெளிவாகப் போட்டேன்.

ஸ்டுடியோவில் இரண்டு படங்களையும் மூன்று மூன்று பிரதி போட்டேன். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணும் தேதியும்: முதல் படம், ஜனவரி 23, அரக்குப் பாவு. இரண்டாம் படம், ஜூலை 28, மாம்பழக் கலர் பாவு. நோட்டின் அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். கடிதத்தின் கடைசியில், வழக்கமாக மேலதிகாரி பெயர் வரும் இடத்தில், 'நகல்: செல்வி தீபா, போளூர்' என்று எழுதினேன். அவளுடைய முகவரியை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாளைக்கு முன் பார்சல் மேல் நானே எழுதியது. மூன்றாவது பிரதியை, துர்காவிடம் கொடுப்பதற்காக, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் ஆறு பேருக்குப் பின்னால் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் முதல் உறையை எடை போட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவதைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒட்டலியேங்க. உள்ள இன்னா?"

"லெட்டரு. ரெண்டு போட்டோ."

நிமிர்ந்தார். முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. தாடைக்குக் கீழே கழுத்து அதனுடைய நிறத்தில் இருந்தது. "பார்லர்ல இருக்கறவங்கதான நீங்க?" என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ரெண்டாவது டப்பா முடியப் போவுதுங்க. எங்க ஊட்டுக்காரரே கேட்டாரு."

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "ஜல்திம்மா, பஸ்ஸு போயிடும்," என்றார். கவுண்டர் பெண் பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு, உறையின் வாயில் நீளமாகத் தடவினார். கணுக்கள் மட்டும் கறுத்திருந்த வெள்ளை விரல். மடித்து, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தினார். முத்திரை குத்தித் தீபாவின் கடிதத்தைச் சாக்கில் போட்டார். "அப்பறம்?" என்று ரசீதை நீட்டினார். விரல் நுனியில் மிச்சமிருந்த பசையை யோசனையில்லாமல் கன்னத்தில் துடைத்துக்கொண்டார். என் இடது கை பைக்குள் மூன்றாவது பிரதியின் மேல் இருந்தது.